முதல் கவளம்

எங்கள் மலையில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது என்னவென்று முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் கேட்டால் அதில் உப்பும் புளியும் கூடியிருக்கும். மாராயி தன் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைத்தாள், அளவு மிஞ்சிவிட்டது, அவன் கை கால் விழுந்துபோயிற்று. இவ்வளவுதான். மாராயி நான்தான். புருஷன் பெயர் சடையன். வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் மிளகுக்கொடியும் பலாவும் கொஞ்சம் சாமைக்காடும் எங்களுக்கு உண்டு. இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் வாசலில் வெயிலுக்குச் சாய்ந்து உட்கார்ந்து, காயப்போட்ட மிளகைக் கோழி கிளறாமல் காவல் காக்கிறார். கையை ஓங்க முடியாது. கோழி வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். கோழிகள் பழகிவிட்டன, ஓடிவிடுகின்றன.

இந்த நோய் இன்னொரு வீட்டுக்கும் வரும். அந்த வீட்டிலும் சோறு போடுகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவள் நான். அதையும் சேர்த்துத்தான் என்மேல் குற்றம் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

மிளகு பறிப்பில்தான் ஆரம்பித்தது. ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, கணுக்களில் காலை வைத்து ஏறி, கொத்துக் கொத்தாகக் கிள்ளி இடுப்புப் பையில் போடுவது அவர் வேலை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தால்தான் கிள்ள முடியும். அந்தத் தை மாதம் அவருக்குக் கிள்ள வரவில்லை. கொத்தைப் பிடித்து இழுத்தார், கொடியே கையோடு வந்தது.

“ஏனுங்க, கொடியப் போயி இழுக்கறீங்க?” என்றேன் கீழேயிருந்து.

“வெரல்ல புடி இல்ல புள்ள. குளுருக்கு வெறச்சுப்போச்சாட்ட இருக்குது.”

வெயில் ஏறிய பிறகும் விரல் அப்படியேதான் இருந்தது. வெயில் காலம் முழுதாக வந்த பிறகும் அப்படியேதான். வலக்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புடைப்பாக இருக்கும் சதை குழி விழுந்தது. தோள்பட்டையில் தோலுக்கு அடியில் சதை தானாகவே துடித்தது, உள்ளே பூச்சி ஊர்வதுபோல. வலி மட்டும் இல்லை. வலி இருந்திருந்தால் ஊர் அதை நோய் என்று ஒத்துக்கொண்டிருக்கும். வலி இல்லாமல் ஒரு ஆண்பிள்ளையின் கை சூம்புகிறது என்றால், அதற்குக் காரணமான ஆளைத் தேடத்தான் எல்லோருக்கும் தோன்றியது.

முதலில் தேடியவள் வெள்ளையம்மா. அவருடைய அக்கா, எனக்கு நங்கை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷன் செத்தபிறகு எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் கணக்கு சுலபமானது. என் அப்பா பாம்புக்கடிக்கு வேர் கொடுத்தவர், ஆகவே எனக்கு வேர் தெரியும். எனக்குக் குழந்தை இல்லை, ஆகவே புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வானோ என்ற பயம் இருக்கும். வேரும் பயமும் ஒரே அடுப்படியில் இருந்தால் வேறென்ன நடக்கும்? அவள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் நினைத்த மறுகணமே வயிறு எரியும்.

அடுத்த ஐப்பசிக்குள் கால் இழுக்க ஆரம்பித்தது. நடக்கும்போது பாதத்தின் முன்பக்கம் தொங்கி, கல்லில் தட்டியது. அதன்பிறகு பேச்சு குழறியது. அதோடு விழுங்குவதும் கெட்டது. அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

உடம்பு சரியில்லாதவருக்கு என்ன கொடுப்போம்? கஞ்சி கொடுப்போம். நானும் சாமையை நன்றாக வேகவிட்டு, கரைத்து, துணியில் வடித்து, தண்ணீர்போலக் கொடுத்தேன். அவருக்குப் புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்து மறுநாள் இன்னும் நீர்க்கக் கரைத்தேன். இன்னும் அதிகமாகப் புரையேறியது. நங்கை தன் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துக் கொண்டுவந்து ஊட்டினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு செருமல்கூட இல்லை.

“பாத்தீங்களா?” என்றாள், வாசலில் நின்றவர்களைப் பார்த்து. “என்ற கையில தின்னா எறங்குது. இவ கையில தின்னா தொண்டையே ஏத்துக்க மாட்டீங்குது. அந்த ஒடம்புக்குத் தெரியுது சாமி, எது சோறு, எது மருந்துன்னு.”

கண்ணால் பார்த்தது அதுதானே. நானேகூட ஒருநாள் கஞ்சிப் பானையை மோந்து பார்த்தேன்.

பிறகு கீழ்நாட்டிலிருந்து மருந்தெடுக்கிறவர் ஒருவரை நங்கை வரவழைத்தாள். வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சி, உள்ளே இருக்கும் இடுமருந்தை வெளியே எடுத்துவிடுவாராம். வந்ததிலிருந்து அந்த மனிதர் ஒரு பக்கத்துக் கன்னத்தாலேயே பேசுவதைக் கவனித்தேன். வெற்றிலை போட்டவர் என்றால் ஒருமுறையாவது துப்பியிருக்க வேண்டும். அவர் துப்பவே இல்லை.

“ஏனுங்க, மொதல்ல வாயத் தொறந்து காட்டிப்போட்டு அப்பறம் உறிஞ்சுங்க” என்றேன்.

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் காட்டவில்லை. உறிஞ்சினார், திணறினார், மயிரும் கரியுமாக உருண்ட கட்டி ஒன்றை இலையில் துப்பினார். கட்டி வெளியே வந்ததைவிட நான் குறுக்கே பேசியதுதான் எல்லோருக்கும் பெரிய சாட்சியாகிப்போனது. மடியில் கனம் உள்ளவள்தான் தடுப்பாள் என்றார்கள். கட்டியை எடுத்த பிறகும் என் புருஷன் கால் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இன்னும் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மருந்தெடுத்தவர் மலையிறங்கிவிட்டார்.

அன்றைக்குப் பெரியவர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். இனி நான் சமைத்தது எதுவானாலும் முதல் கவளம் நான் தின்ன வேண்டும், நங்கை பார்க்க வேண்டும், பிறகுதான் அவருக்கு. இந்த மலையிலேயே தினமும் புருஷனுக்கு முன்னால் சாப்பிட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பாகச் சொல்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

ஊர் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். அவர் சொல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறினாலும் அப்போது புரியும்படி பேசுவார். “அவ அப்படிச் செய்யறவ இல்ல” என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன்.

“நீங்களும் நம்பறீங்களா?”

தன் கையைப் பார்த்தார். பிறகு, “தெரியலியே புள்ள” என்றார்.

நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியவில்லை என்றவரிடம் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவர் வாயால் அந்த வார்த்தை வரவேண்டும். ஆனால் நாக்கு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே வந்தது. பேச்சு முழுதாகப் போவதற்குள் சொல்லிவிடுவாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர் முள்ளுக்குறிச்சி ராவுத்தர். எங்கள் மிளகை வாங்குகிற வியாபாரி. பறிப்பு நின்றுபோனது ஏன் என்று விசாரிக்க மலையேறி வந்தவர், இவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மருந்து வச்சாங்களோ மாயம் வச்சாங்களோ, அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில ஒருக்கா காட்டிப்போட்டு வாங்க. நாம்பளா பேசிக்கிட்டிருந்தா ஆவுற காரியமா இது?” என்றார்.

டோலி கட்டி மலையிறக்கினார்கள். யுத்தகாலம், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ராவுத்தர் சேலம்வரை கூடவே வந்து ரயிலில் ஏற்றிவிட்டார். நங்கையும் எங்களோடு வந்தாள். தம்பிக்குத் துணை என்று சொன்னாள். என்னைக் காவல் காக்க வந்தாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரயிலில் பொட்டலத்தைப் பிரித்து நான் முதல் கவளம் தின்றபோது எதிரே இருந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். நங்கை சுளிக்கவில்லை, என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை காத்திருப்பது, இரண்டாவது வேலையும் அதுதான். நீளமான வராந்தா, பெஞ்சு, பினாயில் வாடை. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆள் நின்று இங்கே இல்லை அங்கே என்பான். காசு கேட்கவில்லை. அதுவே நங்கைக்குப் பெரிய சந்தேகம்.

“காசு வாங்காம ஒருத்தன் ஊசி போடறான்னா, எதுக்குப் போடறான்? யோசிச்சியா?” என்று என்னிடமே ரகசியம் சொன்னாள். சந்தேகப்படுவதற்குத் துணை வேண்டும் என்றால் அவளுக்கும் அங்கே என்னைவிட்டால் ஆள் இல்லை.

பெரிய டாக்டர் வந்தால் காற்றுப்போல வந்து போய்விடுவார். எங்களோடு பேசியது சின்ன டாக்டர். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, பொறுமைசாலி. ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். வலுவில்லாத கால்தான், ஆனாலும் துள்ளி எழுந்தது. ஊசியால் பாதத்தில் குத்தி, தெரிகிறதா என்றார். இவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். உணர்ச்சி முழுதாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் மேலெல்லாம் சிறு சிறு நெளிவு, அலைபோல. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஒளிப்பானேன், அதைப் பார்த்து அன்றைக்கு நான் மிகவும் பயந்தேன்.

அதன்பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று கேட்டார். வீட்டுக்காரருக்கு வெளியே தொடர்பு ஏதாவது உண்டா என்று. மேகவியாதி முற்றினாலும் நரம்பு இப்படிக் கெடலாமாம். அதனால் ரத்தமும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரும் பரிசோதனைக்குப் போகின்றன என்றார்.

முதுகை வில்லாக வளைத்துப் படுக்கவைத்து அந்த ஊசியைப் போட்டார்கள். இவர் முனகினார். எனக்கு இரக்கம் வரவில்லை. சேந்தமங்கலம் சந்தைக்குப் போனால் மறுநாள்தானே திரும்புவார், ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வாசனைச் சோப்பு வாங்கி வந்தாரே, அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யார்? மாரியம்மன் திருவிழாவுக்கு என்னை ஏன் கூட்டிப்போகவில்லை? ரிசல்ட் வரும்வரை இதே வேலை. தோண்டத் தோண்ட எல்லாமே சாட்சியாக எழுந்து நின்றன. அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். நான் சந்தேகப்படுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகத் தெரியட்டும் என்று இருந்தேன். ஒரு வருஷமாக நான் பட்டதில் துளியாவது படட்டும்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை. மேகவியாதி கிடையாது. டாக்டர் அதைச் சொன்னபோது நான் என் புருஷனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் நோய் என்ன என்று சின்ன டாக்டர் எங்கள் மூவருக்கும் விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கையைத் தூக்கு என்று மூளை நினைத்தால், அந்த உத்தரவைச் சதைக்குக் கொண்டுபோக நரம்பு இருக்கிறது. தொட்டால் சுட்டால் தெரிவது வேறு நரம்பு. இவருக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு மட்டும் ஒவ்வொன்றாகச் சாகிறது. உத்தரவு வராத சதை சூம்பிப்போகிறது, சூம்புமுன் துடிக்கிறது. மோட்டார் நரம்பு வியாதி என்றார். புத்தி மங்காது. காது, கண், நினைப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

“அப்ப எல்லாமே தெரியுங்களா அவருக்கு?” என்றேன்.

“எல்லாம் தெரியும்மா. கடைசி வரைக்கும் தெரியும்.”

மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சில வருஷம் இருக்கலாம், குறையலாம், மூச்சுவிடும் சதைக்கு அது எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றார். நங்கை சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் கேள்வியை விடவில்லை.

“வவுத்துக்குள்ள போன மருந்துனால வருங்களா சாமி?”

“இல்ல பாட்டி. யாரும் வெச்சு வர்றதில்ல. ஒட்டிக்கிறதும் இல்ல.”

“பின்ன எதுனால வருது?”

“எங்களுக்கே தெரியாது” என்றார் டாக்டர்.

தெரியாது என்று சொன்னதால்தான் அவரை நான் நம்பினேன். அதுவரை வந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

சாப்பாடு பற்றியும் சொன்னார். தொண்டைச் சதையும் தளர்ந்துவிட்டது, ஆகவே தண்ணீர்போல எதுவும் கொடுக்காதீர்கள், அது வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார். கெட்டியாக, வழவழப்பாக, சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுக்க வேண்டும். தாடையைக் கீழே இறக்கி விழுங்கச் சொல்ல வேண்டும்.

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். வடிகட்டி வடிகட்டி நான் நீர்க்கக் கரைத்த கஞ்சி. நங்கையின் கெட்டிக் களி. எனக்கு அழுகை வந்தது, சத்தம் போட்டே அழுதேன். நான் நோயை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி டாக்டர் தோளைத் தட்டினார்.

நங்கை அதையும் லேசில் நம்பிவிடவில்லை. “டாக்டரக் கையில போட்டுக்கிட்டியா?” என்றாள். மறுநாள் மத்தியானம் நான் துணி அலசிவிட்டு வராந்தா வழியாக வந்தபோது, வார்டுக்குள் அவள் என்னைக் கவனிக்காமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். தன் கையாலேயே குழாயில் பிடித்துவந்த வெறும் தண்ணீரை, தன் டம்ளரில், தம்பியின் வாயில் ஊற்றினாள். அவருக்குப் புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூக்கு வழியாக வந்தது. நர்ஸ் ஓடிவந்து முதுகைத் தட்டினாள். நங்கை டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அந்த டம்ளரை மோந்து பார்த்தாள்.

சாயந்திரம் நான் ஆஸ்பத்திரி ரொட்டியைப் பாலில் குழைத்து உருட்டி, வழக்கம்போல முதல் கவளத்தை என் வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் மாராயி. போதும், உடு.”

“பெரியவிய வெச்ச ஏற்பாடுங்க நங்கை. நீங்க எப்படி மாத்துவீங்க?” என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.

என் குணம் அப்படி. யார் என்மேல் பழியைப் போட்டார்களோ அவர்களே எடுத்தால் போதும் என்று விட்டுவிட எனக்கு வராது. என் புருஷன் வாயால் வரவேண்டும். டாக்டர் சொன்னதையெல்லாம் அவரும் கேட்டார். புத்தி மங்காது என்றால் என்ன அர்த்தம்? என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது என்றுதானே. ஒரு நாள் மல்லுக்கட்டி எதையோ சொன்னார். நானும் நங்கையும் காதைக் கொண்டுபோய் வைத்தோம். திரும்பத் திரும்பச் சொன்னார், வேர்த்துக் கொட்டியது. எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தண்ணீர் கேட்டாரோ, வீட்டுக்குப் போகலாம் என்றாரோ, நான் காத்திருந்ததைத்தான் சொன்னாரோ. அதற்குப் பிறகு அவர் சொற்களுக்கு முயற்சி செய்யவே இல்லை. ஒரு வருஷம் வாயிருந்தபோது சொல்லாதவர் இப்போதா சொல்லியிருப்பார் என்று என் மனம் குறுக்குச்சால் ஓட்டியது.

இனி இங்கே வைத்திருந்து பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டோலியில் மலையேறி வீடு வந்து சேர்ந்தபோது ஊரே வாசலில் இருந்தது. பட்டணத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். நங்கை பேசினாள். நரம்பு, உத்தரவு, தண்ணீர், களி என்று டாக்டர் சொன்னதைத் தலைகீழாகக் குழப்பினாலும், முடிக்கும்போது சரியாக முடித்தாள். “இவ மேல தப்பில்ல. நாந்தான் புரியாம பேசிப்போட்டேன்.”

சிலர் தலையாட்டினார்கள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காளையும் கைக்குள் போட்டுவிட்டாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அது புதிதல்ல.

அவரைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அடுப்பு மூட்டினேன். கேழ்வரகுக் களி கிண்டி, அவரைக்குழம்பு வைத்து, வட்டிலை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். ஒருவரும் கலையவில்லை. எதற்காக நிற்கிறார்கள் என்று தெரியும். நன்றாகப் பார்க்கட்டும் என்று களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, எல்லோரும் பார்க்க, என் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

அவர் சத்தம் கொடுத்தார். வாயைத் திறந்து, கழுத்தை முன்னால் நீட்டினார். அந்தக் கழுத்துத் தலையைத் தாங்குவதே அப்போது கஷ்டம். நீட்டிய தலை அப்படியே என் கைமேல் வந்து விழுந்தது. கவளம் அவர் வாய்க்குள் போயிற்று. அவரே தாடையை இறக்கி விழுங்கினார்.

பசியாக இருக்கும் என்று நினைத்தேன். மலையேறி வந்த களைப்பு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இன்னொரு கவளம் உருட்டி, மெதுவாக, வேண்டுமென்றே, மறுபடியும் என் வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணில் கோபம் வந்தது. முன்னைவிட உரக்கச் சத்தம் போட்டு, மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு என் கைமேல் விழுந்தார்.

அதற்குமேல் நான் சோதிக்கவில்லை. வட்டில் காலியாகும்வரை ஊட்டினேன். ஊர் எப்போது கலைந்து போனது என்று பார்க்கவில்லை. நங்கை துணியை நனைத்துக் கொண்டுவந்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அதன்பிறகுதான், ஒரு வருஷத்துக்குமேல் கழித்து, என் புருஷன் சாப்பிட்டு முடித்தபின் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.